மேசைக் கம்ப்யூட்டரில் குளிர்வாயு அறிதல்: பரமக்குடி வழக்கை முன்வைத்து ஓர் அளவையியல் ஆராய்ச்சி

பாயிரம்

பரமக்குடி ஐந்துமுனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கும் கடை ஒன்றில், போனுக்கென்றே செய்யப்பட்ட கேஸ் கண்டறியும் ஆப்பை மேசைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஏறியதா, ஏற்ற வேண்டிய தேவை இருந்ததா, ஏறிய பின் அது எதைக் கண்டறிந்தது என்னும் மூன்று கேள்விகளையும் எந்தப் பல்கலைக்கழகமும் தொட்டதாகத் தெரியவில்லை. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் புலம்பும் நாட்டில் இது வெட்கக்கேடு. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்தது இவ்வாராய்ச்சி.

நூற்பயன் சொல்வது மரபு. இதைக் கற்றவர் மெக்கானிக் ஆகிவிட மாட்டார். ஆனால் மொட்டை மாடியில் நின்றுகொண்டு ஒருவர் "கேஸ் இல்லண்ணே, அடிக்கணும்" என்று சொல்லும்போது, எந்த கேஸ், எப்படித் தெரியும் என்று கேட்கும் தகுதியைப் பெறுவார். கற்றற்கு உரியார் யாரெனின், கரண்ட் பில்லுக்குப் பயந்து ஏசியை 27இல் வைத்து ஃபேனையும் போட்டுக்கொள்ளும் எல்லோரும் என்க.

களம்

நிலமும் பொழுதும் முதற்பொருள். நிலம், வைகைக் கரை. பொழுது, சித்திரையும் வைகாசியும். இவ்வூர் வைகையில் தண்ணீர் வரும் நாளை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சித்திரைத் திருவிழாவில் சுந்தரராஜப் பெருமாள் கள்ளழகர் கோலத்தில் ஆற்றில் இறங்கும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லிவிடலாம். பாலைத்திணைக்கு வேனிலும் நண்பகலும் பொழுது என்று தொல்காப்பியம் வகுக்கிறது. ஏசி மெக்கானிக்குக்கு ஓயாமல் போன் வரும் பொழுதும் அதுவே. கருப்பொருள், சீமைக்கருவேலம், கைத்தறி, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய். இவற்றோடு ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உரிப்பொருள் பிரிதல். பெட்டியை விட்டு கேஸ் பிரிந்து போவதைத்தான் சொல்கிறேன்.

கிழக்கே ராமேசுவரம், மண்டபம் பக்கம் போனால் ஐஸ் கம்பெனிகள் வரும். அங்கே இந்த ஆராய்ச்சிக்கு வேலை கிடையாது. அவற்றில் ஓடுவது அம்மோனியா. அது கசிந்தால் ஆப்பைத் திறக்க நேரம் இராது, வாசல் எங்கே என்றுதான் தேடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தக் கம்பெனிகள் அடங்கிக் கிடக்கும்போதுதான் பரமக்குடியில் ஏசிகள் உச்சத்தில் ஓடும். ஒரே மாவட்டத்தில் குளிர் இப்படி இடம் மாறுவதைத் தனி ஆய்வாக யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

பெயரியல்

குளிர்வாயுக்களுக்கு ஊர்வழக்கில் எண்தான் பெயர். "இருபத்திரண்டா, நானூத்திப்பத்தா?" என்று மெக்கானிக் கேட்டால் வீட்டு நம்பரைக் கேட்கிறார் என்று எண்ணற்க. இந்த எண்கள் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டு எண்களைப் போல வெறுமனே போட்டவையும் அல்ல. எண்ணோடு 90ஐக் கூட்டினால் மூலக்கூறு வெளிப்படும். 22உடன் 90, 112: கார்பன் 1, ஹைட்ரஜன் 1, ஃபுளூரின் 2, கார்பனுக்கு எஞ்சிய ஒரு கை குளோரினுக்கு. 134உடன் 90, 224: கார்பன் 2, ஹைட்ரஜன் 2, ஃபுளூரின் 4. 290உடன் 90, 380: கார்பன் 3, ஹைட்ரஜன் 8, ஃபுளூரின் இல்லை. அதாவது புரொப்பேன், அடுப்படி சிலிண்டரில் இருப்பதன் நெருங்கிய சொந்தம். அதை நிரப்பிய ஏசி 2012இலேயே இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டது.

எல்லா இலக்கணத்துக்கும் புறனடை உண்டு. 400 வரிசை கலவைகளுக்கு. 410ஏ என்பது 32ஐயும் 125ஐயும் எடைக்குப் பாதி பாதி கலந்தது. 700 வரிசையில் 700ஐக் கழித்தால் மூலக்கூறு எடை. 717 அம்மோனியா, 744 கார்பன் டையாக்சைடு, 718 தண்ணீர். இவ்விதிப்படி வைகை ஆறு ஆர்-718 ஓடுவதற்கென்று வெட்டிய குழாய். பெரும்பாலும் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது.

அளவை இயல்

ஒரு பொருள் இன்னது என்று எப்படி அறிவது? மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர்களைத் தேடிப் போகும் மணிமேகலைக்கு அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துச் சொல்கிறான். கேஸ் விஷயத்தில் அவற்றுள் ஐந்து இன்றும் அன்றாடப் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது காண்டல். பழைய வழக்கப்படி 22இன் சிலிண்டர் இளம்பச்சை, 134ஏ இளநீலம், 410ஏ ரோஸ். கடைப் பையன்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே இந்த நிறங்களைப் படித்துவிடுவார்கள். இதைப் பொறுக்காமல் அமெரிக்கக் குளிர்பதனத் துறையினர் 2016இல் வழிகாட்டி நெறியை மாற்றி, 2020க்குள் எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே சாம்பல் பூச்சு என்று எழுதி வைத்தார்கள். நிறம் தீர்ந்துபோகும் அளவுக்குக் கலவைகள் பெருகிவிட்டன என்பது அவர்கள் பக்க நியாயம். சிலிண்டரின் நிறம் உள்ளே இருப்பதற்குச் சாட்சி ஆகாது என்பது அதைவிடப் பழைய நியாயம்.

மூக்கும் காண்டலில் அடங்கும். ஆனால் அம்மோனியாவைத் தவிர மற்றவற்றில் மூக்கு உதவாது. அடுப்படி கேஸ் நாறுவதற்குக் காரணம், நாறட்டும் என்றே சேர்க்கும் எத்தில் மெர்காப்டன். ஃபிரிட்ஜில் போகும் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், அப்படி எதுவும் சேராமல் வருகிறது. சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. பின்பக்கம் உட்கார்ந்து பீடி பற்றவைத்த பிறகுதான் அது தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். மூச்சையே கருவியாக்கிய பெருமை தாமஸ் மிட்ஜ்லிக்கு உரியது. 1930இல் அமெரிக்க வேதியியலார் கூட்டத்தில் ஆர்-12ஐ நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவத்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நச்சும் இல்லை, தீப்பிடிக்கவும் இல்லை என்று சபை கைதட்டியது. அது ஓசோனைத் தின்னும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் எழுதியது காண்டலால் அன்று, கருதலால். அத்தகைய வாயுக்களைக் கைவிட 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா அதில் சேர்ந்தது 1992இல். பரமக்குடிக் கடையில் இத்தனை எண்கள் குவிந்து கிடப்பதற்கு அந்த மெழுகுவத்தியே முதற்காரணம்.

இரண்டாவது கருதல். மலையில் புகை கண்டு தீ என்று துணிவது பழைய தருக்க நூல்களின் உதாரணம். இங்கே புகைக்குப் பதில் பிரஷர். பெட்டியை நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து கேஜை மாட்டினால், அந்தச் சூட்டில் இன்ன கேஸுக்கு இன்ன அழுத்தம் என்று இயற்கை விதித்த கணக்கு இருக்கிறது. 35 டிகிரியில் 134ஏ ஏறத்தாழ 114 பிஎஸ்ஐ, 22 ஏறத்தாழ 182, 600ஏ வெறும் 53, 410ஏ 295. ஆப் செய்வது இந்தக் கணக்கைத்தான். சூட்டையும் அழுத்தத்தையும் நாம் கொடுத்தால், இது இன்னதாக இருக்கலாம் என்று அது சொல்லும்.

இந்தக் கருதலில் மூன்று போலிகள் உண்டு. உள்ளே கொஞ்சமாவது திரவம் மிஞ்சியிருந்தால்தான் கணக்குப் பொருந்தும். முக்கால்வாசி கசிந்துபோன பெட்டியில் எஞ்சியிருக்கும் ஆவி எந்த அழுத்தத்தையும் காட்டும். வாக்குவம் போடாமல் முந்தைய ஆள் அவசரத்தில் அடித்துவிட்டுப் போயிருந்தால், உள்ளே மாட்டிய காற்று முள்ளைத் தூக்கிக் காட்டும். மூன்றாவது போலிதான் நுட்பமானது. 32க்கு 35 டிகிரியில் ஏறத்தாழ 302, 410ஏக்கு 295. இடைவெளி முள்ளின் தடிமன். ஒரு டிகிரி சூட்டைக் கூட்டிப் பாருங்கள், 36இல் 410ஏயும் 302க்கு வந்து நிற்கும். சித்திரை நண்பகலில், மொட்டை மாடித் தகரக் கூரைக்கடியில், தெர்மாமீட்டரை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு டிகிரி மாறுகிறது. 32 தீப்பற்றக்கூடியது, மெதுவாகத்தான் என்றாலும். 410ஏ பற்றாது. பிரேசிங் டார்ச்சைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்த ஒரு டிகிரி அற்பம் அன்று.

மூன்றாவது ஆகமம், அதாவது பெரியோர் வாக்கு. அவுட்டோரின் இடுப்பில் ஒட்டிய நேம் பிளேட்டில் கம்பெனிக்காரனே கேஸின் பெயரையும் கிராமையும் அச்சடித்திருக்கிறான். இதைவிடச் சிறந்த அளவை வேறில்லை. ஆனால் பரமக்குடி வெயிலில் சில கோடைக்குள் அந்த ஸ்டிக்கர் வெளுத்து, பழங்கோயில் கல்வெட்டைப் போல வாசிப்போர் திறமைக்கு விட்டுவிடப்படுகிறது. எழுத்து பிழைத்தாலும், இடையில் யாராவது கம்ப்ரசரை மாற்றி வேறு கேஸ் அடித்திருந்தால் ஆகமம் பொய்க்கும்.

அப்போது வருவது நான்காவதான ஐதிகம். இந்த மரத்தில் ஒரு தெய்வம் உண்டு என்று ஊரார் சொல்வதைக் கேட்டு நம்புவது. "போன வருசம் வந்த தம்பி இருபத்திரண்டுன்னுதான் சொன்னாப்ல" என்று வீட்டுக்காரர் சொல்வது இவ்வகை. ஐந்தாவது அபாவம், இவ்விடத்தில் இப்பொருள் இல்லை என்று அறிவது. "கேஸ் இல்லண்ணே" என்னும் ஏசி மெக்கானிக்கின் மகாவாக்கியம் இதன்பாற் படும். தமிழகத்தில் மிக அதிகமாகப் பணம் ஈட்டித் தந்த அளவை இதுவே என்பது என் துணிபு.

ஏற்றுப் படலம்

இனி, ஆப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது ஏன்? கடைக்காரர் தரப்பில் சொல்லப்பட்ட காரணம், போன். "ஏணியில ஏறயில ஒண்ணு போனு விழுகுது, இல்லாட்டி நான் விழுகுறேன்" என்றான் கடைப் பையன். டிஸ்பிளே மாற்றிய செலவு ஒரு சார்ஜ் கூலியைத் தின்றுவிட்டதாம். பில் போடுவதற்கென்று மேசையில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அது விழுந்ததில்லை. ஆகவே கம்ப்யூட்டர்.

இதற்கு ஒரு ராஜபாட்டை இருந்தது. விண்டோஸ் 11லேயே ஆண்ட்ராய்டு ஆப் ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் 2021இல் அறிவித்தது. 2025 மார்ச்சில் அந்த ஏற்பாட்டையே மூடிவிட்டது. எஞ்சியது எமுலேட்டர் என்னும் குறுக்குச் சந்து. கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்ப் போனை உண்டாக்கி, ஆப்பிடம் 'நீ போனில்தான் இருக்கிறாய்' என்று நம்பவைக்கும் மாயாவாதம் அது.

நம்பவைப்பது எளிதன்று. போனின் மூளையும் கம்ப்யூட்டரின் மூளையும் வேறு வேறு கட்டளை பேசுபவை. நூறு பேருக்குச் சொன்னால் புரியாத இச்செய்தி பரமக்குடியிலும் அக்கரை எமனேஸ்வரத்திலும் யாருக்கும் விளங்கும். தறியில் 120 கொக்கி ஜக்கார்டுக்கு அடித்த அட்டையை 240 கொக்கியில் மாட்டினால் பூ விழாது. அட்டையைத் திரும்ப அடிக்க வேண்டும். எமுலேட்டர் அந்த அட்டை அடிக்கும் வேலையை ஓட ஓடச் செய்கிறது. துளை போட்ட அட்டையால் இயந்திரத்துக்குக் கட்டளை சொல்லும் முறையை ஜக்கார்டு என்பவர் 1804இல் செய்து முடித்தார். சார்லஸ் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்கு அதையே கடன் வாங்கினார். கம்ப்யூட்டரின் தாத்தாவைத் தறி மேல் தொங்கவிட்டிருக்கும் ஊரில், பேரனிடம் இவ்வளவு மரியாதை காட்டுவது சற்று அதிகம்.

சடங்குகளைச் சுருக்கிச் சொல்கிறேன். எமுலேட்டர் ஏறியது, திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பயாஸுக்குள் போய் விர்ச்சுவலைசேஷனைத் திறக்க வேண்டும் என்று பையனின் சேக்காளி போனில் சொன்னான். திறந்தார்கள். நாலு ஜிபி ராம் போதாமல் பில் போடும் மென்பொருள் உறைந்தது; வாசலில் நின்றவருக்குக் கையால் பில் எழுதிக் கொடுத்தார்கள். பிளே ஸ்டோரில் தேடியபோது, இந்தச் சாதனத்துக்கு இந்த ஆப் பொருந்தாது என்று பதில் வந்தது. பொய்ப் போன் என்பதை அது மட்டும் கண்டுகொண்டது போலும். பிறகு ஏதோ ஓர் இடத்திலிருந்து ஏபிகே கோப்பை இறக்கினார்கள். இங்கே ஆய்வாளன் நடுநிலையைக் கைவிட வேண்டியிருக்கிறது: அப்படி இறக்காதீர்கள். பில்லும் வங்கிக் கணக்கும் ஓடும் கம்ப்யூட்டரில், ஊர்பேர் தெரியாத கோப்பை, வைரஸ் காவலையும் நிறுத்திவைத்துவிட்டு ஏற்றுவது, கேஸ் எதுவென்று பார்க்கத் தீக்குச்சி கிழிப்பதுதான்.

ஆப் ஏறியது. திறந்ததும் இருப்பிடம் கேட்டது. பொய்ப் போனுக்கு ஜிபிஎஸ் கிடையாது. வரைபடத்தில் நாமே குத்திக் காட்ட வேண்டும். கூகுளின் சொந்த எமுலேட்டராக இருந்தால், குத்தாமல் விட்டால் தன்னைக் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் இருப்பதாகவே கருதிக்கொள்ளும். பையன் குத்தியது எமனேஸ்வரத்தில் விழுந்தது. ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் காற்றழுத்தம் ஒன்றே என்பதால் முடிவுகள் மாறவில்லை. கொடைக்கானலில் குத்தியிருந்தால் மூன்று பிஎஸ்ஐ அளவுக்குப் பிழை வந்திருக்கும். ஆனால் கொடைக்கானலில் யார் ஏசிக்கு கேஸ் அடிக்கக் கூப்பிடப் போகிறார்கள்? கடைசியாக ஆப் புளூடூத் கேட்டது. குழாயில் மாட்டும் கருவியோடு நேரே பேசி எண்களை வாங்கிக்கொள்ளலாமாம். பொய்ப் போனுக்குப் புளூடூத்தும் பொய். எண்களை விரலால் அடிப்பது என்று முடிவாயிற்று.

தடை விடை

அற்றேல், அழுத்தம் மாடியிலும் கம்ப்யூட்டர் மேசையிலும் இருக்க, இரண்டும் கூடுவது எங்ஙனமெனின், கத்துவதால் என்க. பையன் மேலிருந்து "நூத்தி எம்பது!" என்பான். கீழே கடைக்காரர் அடிப்பார். பக்கத்துத் தெரு வேலையென்றால் கத்தலுக்குப் பதில் போன். எந்தப் போனைக் காப்பாற்ற ஆப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களோ, அந்தப் போன் மறுபடி ஏணியில் ஏறியது.

அஃதாயின் இதனால் எய்திய பயன் யாதோவெனின், கூறுதும். பயன் மெக்கானிக்குக்கு அன்று, வாடிக்கையாளருக்கு. தமிழக ஊர்களின் பெயர்ப்பலகைகளைப் படித்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் ஜாதகம், கம்ப்யூட்டர் கண் பரிசோதனை, கம்ப்யூட்டர் எடைமேடை. கணித்தவர் அதே ஜோசியர், நிறுத்ததும் அதே மிளகாய் மூட்டை. ஆனால் முன்னே ஒரு சொல் சேர்ந்ததும் பேரம் நின்றுவிடுகிறது. கடையில் நான் கண்ட ஒரு பேச்சை அப்படியே தருகிறேன். ஃபிரிட்ஜைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த பாட்டி, மெக்கானிக் கேஜைப் பார்த்துச் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. திரையை எட்டிப் பார்த்தார்.

"மிசினு என்னப்பு சொல்லுது?"

"நூத்தி முப்பத்திநாலுன்னு சொல்லுது ஆத்தா."

"அப்பச் சரி, அதையே அடிச்சு விடு."

மெக்கானிக் சொன்னதும் அதையேதான். அவர் அடித்த எண்ணிலிருந்துதான் மெஷினும் சொன்னது. கருதல் அளவை போனில் இருந்தவரை மெக்கானிக்கின் கருதலாக இருந்தது. பெரிய திரைக்கு வந்ததும் ஆகமமாகப் பதவி உயர்ந்துவிட்டது. இவ்வாராய்ச்சியின் ஒரே கண்டுபிடிப்பு இதுதான்.

அப்படியானால் கேஸை உண்மையாகவே கண்டறியும் கருவி உலகில் இல்லையோவெனின், உண்டு. சிறிதளவு கேஸை உள்ளிழுத்து, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, எந்த ஒளியை அது விழுங்குகிறது என்று பார்த்து, இதில் இது இத்தனை சதவீதம், காற்று இத்தனை என்று சொல்லும் பெட்டி. பெரிய ஊர்களில் கார் ஏசி வேலை செய்யும் சில பட்டறைகளில் பார்க்கலாம். அதன் அருமை 2011இல் தெரிந்தது. வியட்நாமில் சர்வீஸ் செய்த குளிர்சாதனக் கன்டெய்னர்களில் 134ஏ என்ற பெயரில் மீத்தைல் குளோரைடு கலந்த சரக்கு ஏறியிருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உள்ளே விளைவித்தது. கம்ப்ரசர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தச் சரக்கைக் கேஜ் வைத்துப் பிடிக்க முடியாது, ஏனெனில் அழுத்தம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்படிதான் கலந்திருந்தார்கள். போனிலும் பிடிக்க முடியாது, கம்ப்யூட்டரிலும் பிடிக்க முடியாது. புதிய பெட்டிகளில் 22 நிரப்புவதை 2025 தொடக்கத்தோடு இந்தியா நிறுத்திவிட்டது. பழைய பெட்டிகளோ இன்னும் பல வருடம் மாடிகளில் ஓடும். கேஸ் கிடைப்பது குறைந்து விலை ஏற ஏற, பச்சைச் சிலிண்டருக்குள் என்ன வரும் என்று நினைக்கும்போது, பாட்டியிடம் அந்தத் திரை பெற்ற நம்பிக்கை கொஞ்சம் அச்சமாகத்தான் இருக்கிறது.

புறனடை

ஆய்வு முடியும் தறுவாயில் எமுலேட்டர் ஓர் அப்டேட் கேட்டது. கொடுத்தார்கள், ஆப் திறக்க மறுத்தது. அதற்குள் கடைக்காரர் ஒரு காரியம் செய்திருந்தார். ஆப்பில் இருந்த அழுத்த அட்டவணையைத் திரையோடு படம் பிடித்து, எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடையில் ஒரு ஏ4 தாளில் எடுத்து, லேமினேஷன் போட்டு, டூல்ஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டார். இந்நூல் இதை மூன்றாம் நிலை நிறுவல் என்று வகைப்படுத்துகிறது. ஏணியில் ஏறுகிறது, விழுந்தாலும் உடைவதில்லை. அகலம் பற்றாமல் கடைசிப் பத்தி மட்டும் தாளில் விழவில்லை. அந்தப் பத்தி 32. இப்போது புதிதாக வரும் ஏசிகளில் பெரும்பாலானவை அதுதான். அதற்கு மட்டும் பையன் மாடியிலிருந்து இறங்கி வந்து, நேம் பிளேட்டைப் போட்டோ எடுக்கக் கடைக்காரரின் போனைக் கேட்கிறான்.